சாந்திநிகேதனும் ஒரு பளபள ப்ரோஷரும்

எங்கள் வீட்டில் இது ப்ளஸ் டூ சீசன். பிள்ளைக்குப் பரீட்சை, பெற்றவர்களுக்கு ஜுரம். கொல்கத்தாவுக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசும் அளவுக்கு வங்காளம் வரும். ஆனால் மகளை எங்கே படிக்க வைப்பது என்ற கேள்விக்கு மட்டும் எந்த மொழியிலும் பதில் வரவில்லை.

இந்த நேரம் பார்த்து ஒரு ப்ரோஷர் வந்தது. தனியார் 'இண்டர்நேஷனல்' பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். வழவழ தாள், கண்ணாடிக் கட்டடம், நீச்சல் குளம், புல்தரையில் உட்கார்ந்து சிரிக்கும் நாலு வெள்ளைக்காரப் பிள்ளைகள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கட்டணம். தங்கமணி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்துவிட்டு, "இது நாலு வருஷத்துக்கா, ஒரு வருஷத்துக்கா?" என்றாள். ஒரு வருஷத்துக்குத்தான்.

மகள் கேட்டாள்: "அப்பா, இண்டர்நேஷனல்னா என்ன? வெளிநாட்டுக்காரங்க படிக்கிறதா, வெளிநாட்டு ஃபீஸ் வாங்குறதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் ஒரு யோசனை வந்தது. ஒரு மனிதர் தன் கைக்காசைப் போட்டு ஒரு சர்வதேசப் பல்கலைக்கழகத்தை ஆரம்பித்து, அரசாங்கத்தின் கீழே போகாமல் முப்பது வருஷம் ஓட்டிய இடம் எங்கள் வீட்டிலிருந்து அரை நாள் தூரத்தில்தான் இருக்கிறது. பதினெட்டு வருஷத்தில் ஒரு முறைகூட அதை ஒழுங்காகப் பார்த்ததில்லை. அடுத்த சனிக்கிழமை ஹவுராவில் சாந்திநிகேதன் எக்ஸ்பிரஸைப் பிடித்தோம். (புதன்கிழமை போகாதீர்கள். அங்கே வார விடுமுறை ஞாயிறு அல்ல, புதன்.)

ரயிலில் போகும்போதும் வந்த பிறகும் படித்துத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

செம்மண் பொட்டலும் இரண்டு மரங்களும்

கொல்கத்தாவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டரில் போல்பூர். அதை ஒட்டிய இடம் 1860களில் வெறும் செம்மண் பொட்டல். தாகூரின் அப்பா தேவேந்திரநாத் அந்த வழியாகப் போனபோது, அத்துவானத்தில் நின்ற ஏழிலைப்பாலை மரத்தடி பிடித்துப்போய், தியானம் செய்ய ஏற்ற இடம் என்று 1863ல் ராய்ப்பூர் ஜமீன்தார்களிடமிருந்து 20 பிகா நிலத்தை வருஷத்துக்கு 5 ரூபாய் குத்தகைக்கு எடுத்தார். அங்கே அவர் கட்டிய வீட்டின் பெயர்தான் சாந்திநிகேதன். பிறகு அதுவே ஊரின் பெயராகிவிட்டது. 1888ல் அவர் எழுதிய டிரஸ்ட் பத்திரத்தில் இரண்டு நிபந்தனைகள் முக்கியமானவை. இங்கே உருவ வழிபாடு கூடாது. எந்த மதத்தையும் இகழ்ந்து பேசக் கூடாது.

ரவீந்திரநாத் பள்ளிக்கூடத்தைக் கண்டால் ஓடிய பிள்ளை. ஒரு பள்ளியிலும் நிலைக்கவில்லை, டிகிரி கிடையாது. அப்படிப்பட்டவர்தான் 1901 டிசம்பர் 22ல் அதே இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். ஐந்தே மாணவர்கள். அதில் ஒருவர் அவருடைய மூத்த பிள்ளை ரதீந்திரநாத். வகுப்பு மரத்தடியில்.

இதற்குக் கொடுத்த விலைதான் நெஞ்சை என்னமோ செய்கிறது. பள்ளியை நடத்த மனைவி மிருணாளினி நகைகளைக் கொடுத்தார். பூரியில் இருந்த வீட்டை விற்றார்கள். 1902ல் மிருணாளினி இறந்துபோனார். அடுத்த வருஷம் மகள் ரேணுகா. 1905ல் அப்பா. 1907ல் கடைசிப் பிள்ளை சமீந்திரநாத். ஆறு வருஷத்துக்குள் நாலு சாவு. பள்ளிக்கூடம் மட்டும் நிற்கவில்லை.

பள்ளி பல்கலைக்கழகமான கதை

1913ல் நோபல் பரிசு வந்தது. அந்தப் பணத்தைப் பதிசர் என்ற ஊரில் குடியானவர்களுக்குக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்க அவரே தொடங்கியிருந்த விவசாய வங்கியில் போட்டார். வட்டி பள்ளிக்கு. ஒரே பணத்தில் இரண்டு வேலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வங்கி பின்னாளில் நொடித்துப்போய் முதல் திரும்பி வரவில்லை.

1916ல் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் சொற்பொழிவுப் பயணம். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். தேசம் தேசம் என்று கத்திக்கொண்டு ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்த உலகத்தில் நின்றுகொண்டு, தேசியவாதமே ஒரு நோய் என்கிற மாதிரி பேசினார். கூட்டம் வந்தது, திட்டும் வந்தது, பள்ளிக்குக் காசும் வந்தது. அங்கிருந்துதான் மகனுக்குக் கடிதம் எழுதினார்: சாந்திநிகேதனை இந்தியாவையும் உலகத்தையும் இணைக்கும் இழையாக மாற்ற வேண்டும், எல்லா நாட்டு மனிதர்களையும் பற்றிப் படிக்கும் இடமாக அது ஆக வேண்டும் என்று.

1918 டிசம்பரில் விஸ்வபாரதிக்கு அடிக்கல். 1919 தொடக்கத்தில் தென்னிந்தியப் பயணம். அப்போது சென்னையில் அவர் ஆற்றிய இந்தியப் பண்பாட்டு மையம் பற்றிய சொற்பொழிவு அதே வருஷம் அடையாறிலிருந்து நூலாக வெளிவந்தது. ஆங்கிலேயர் தந்த பல்கலைக்கழகங்கள் குமாஸ்தாக்களை வார்க்கும் அச்சுகள், நமக்கு நம் மண்ணில் வேர் விட்ட, ஆனால் வாசல் திறந்த ஒரு கல்வி மையம் வேண்டும் என்பது அதன் சாரம். ஆக, போல்பூரில் முளைத்த திட்டம் நம்ம மெட்ராஸ் மேடையிலும் விளக்கப்பட்டிருக்கிறது.

1921 டிசம்பர் 23ல் விஸ்வபாரதி முறைப்படி தொடங்கியது. தலைமை தத்துவப் பேராசிரியர் பிரஜேந்திரநாத் சீல். பாரிஸிலிருந்து வந்திருந்த சில்வன் லெவி முதல் வருகைப் பேராசிரியர். தாகூர் தன் வங்காள நூல்களின் உரிமையையும் நிறுவனத்துக்கே எழுதிவைத்தார். உலகம் முழுவதும் ஒரு பறவைக்கூட்டில் வந்து கூடும் இடம் என்ற பொருள் தரும் வேத வாக்கியம் இதன் இலச்சினை வாசகம்.

நாட்டின் நிலைமையையும் பாருங்கள். அப்போது ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்தது. அந்நியத் துணியைக் கொளுத்துகிறார்கள், பிள்ளைகள் கல்லூரியை விட்டு வெளியே வருகிறார்கள். இந்த மனிதர் ஜாலியன்வாலா பாக் படுகொலைக்காக 1919ல் சர் பட்டத்தைத் தூக்கி எறிந்தவர். அவரே, வெள்ளைக்காரன் ஆட்சி வேறு, ஐரோப்பாவின் அறிவு வேறு, அதை ஏன் எரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு பிரெஞ்சுக்காரரைக் கூட்டி வந்து பாடம் சொல்ல வைக்கிறார். எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள்!

யார் யாரெல்லாம் வந்தார்கள்

பட்டியல் போட்டால் மூச்சு முட்டும். பிராகிலிருந்து வின்டர்னிட்ஸ், லெஸ்னி. நார்வேயிலிருந்து ஸ்டென் கோனோ. வியன்னாவிலிருந்து ஸ்டெல்லா கிராம்ரிஷ் என்ற இளம்பெண் வந்து ஐரோப்பிய ஓவியம் பற்றி வகுப்பெடுத்தார். பின்னாளில் இந்தியக் கோயில் கலைக்கு அவர் எழுதியதுதான் பெரிய புத்தகம். இஸ்லாமியக் கல்விக்கு ஹைதராபாத் நிஜாம் நிதி கொடுத்தார். அந்தப் பாடம் சொல்ல ஹங்கேரியிலிருந்து ஜெர்மானுஸ் வந்தார். ஜப்பானிலிருந்து ஜூடோ வாத்தியார்கூட வந்திருக்கிறார்.

1927ல் தாகூர் மலாயா பக்கம் போனபோது சந்தித்த சீன ஆசிரியர் தான் யுன்ஷான். 1928ல் சாந்திநிகேதன் வந்தார். பிறகு சீனாவுக்கும் இங்கேயுமாக அலைந்து பணமும் புத்தகமும் திரட்டினார். 1937 ஏப்ரல் 14ல் சீன பவனம் திறந்தது.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. 1925ல் இத்தாலியிலிருந்து பார்மிகி, துச்சி என்று இரண்டு பேராசிரியர்கள் வந்தார்கள். கூடவே முசோலினியின் அன்பளிப்பாகப் பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள். அடுத்த வருஷம் தாகூர் இத்தாலி போனார், உபசாரத்தில் மயங்கி இரண்டு நல்ல வார்த்தை சொன்னார், அதை ஊதிப் பெருக்கிவிட்டார்கள். சுவிட்சர்லாந்தில் ரோமன் ரோலண்ட் உண்மை நிலவரத்தைச் சொன்ன பிறகு, பாசிசத்தைக் கண்டித்துத் தாகூர் எழுதிய கடிதம் 1926ல் மான்செஸ்டர் கார்டியனில் வந்தது. இத்தாலிய உதவி அதோடு போயிற்று. பல்கலைக்கழகத்துக்குத் தானம் கொடுப்பவர் யார், அவர் பதிலுக்கு என்ன எதிர்பார்க்கிறார் என்று பார்க்க வேண்டும் என்பது அன்றே தெரிந்த பாடம். இன்றைக்கும் பொருந்தும்.

எங்கள் ஊர்க் கதை

1921 கடைசியில் லியனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்ற இங்கிலாந்து இளைஞர் வந்தார். அமெரிக்காவில் விவசாயம் படித்தவர். 1922 பிப்ரவரியில் பக்கத்துச் சுருல் கிராமத்தில் அவர் தலைமையில் கிராமச் சீரமைப்பு வேலை தொடங்கியது. அதுதான் ஸ்ரீநிகேதன். பணம் கொடுத்தவர் டோரதி ஸ்ட்ரெய்ட் என்ற அமெரிக்கப் பணக்காரப் பெண்மணி. 1925ல் எல்ம்ஹர்ஸ்ட் அவரையே மணந்துகொண்டு, இங்கிலாந்தில் டார்டிங்டன் ஹால் என்று இன்னொரு பரிசோதனையைத் தொடங்கினார் என்பது தனிக் கதை. மலேரியா ஒழிப்பு, கூட்டுறவு, தறி, தோல் வேலை, மண்பாண்டம் என்று பல்கலைக்கழகத்தின் ஒரு கால் கிராமத்துச் சேற்றில் நின்றது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பெயரில் கண் நின்றது. ஜி. ராமச்சந்திரன். 1920களில் விஸ்வபாரதி மாணவர். கேரளக்காரர். பிறகு காந்தியிடம் போனார். அவரும் மனைவி டாக்டர் சௌந்தரம் அம்மாவும் சேர்ந்து 1947ல் தொடங்கியதுதான் காந்திகிராமம்!

எனக்கு ஊர் சின்னாளப்பட்டி பக்கம். காந்திகிராமம் கேட்டைத் தாண்டித்தான் பஸ் போகும். என் அத்தைக்கு அங்கே ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். என் சித்தப்பா அங்கே படித்தவர். 1976ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் ஆயிற்று. காந்தி வழியில் வந்தது என்று தெரியும். அதைத் தொடங்கியவர் மாணவனாக உட்கார்ந்திருந்த இடம் இந்தச் செம்மண் என்று தெரியாது. நாற்பத்தெட்டு வயதில், இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, என் ஊரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்கிறேன். தங்கமணியிடம் சொன்னேன். "இதுக்குத்தான் ஊர்ல இருக்கும்போதே கொஞ்சம் சுத்திப் பார்க்கணும்" என்றாள். சரிதான்.

நம் பக்கத்து இழைகள் இன்னும் உண்டு. 1914 கடைசியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த காந்தியின் பீனிக்ஸ் ஆசிரமக் குழுவுக்கு முதலில் இடம் கொடுத்தது சாந்திநிகேதன். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. 1915 மார்ச்சில் காந்தி, சமையல்காரர் வேண்டாம், பெருக்குகிறவர் வேண்டாம், எல்லாம் நீங்களே செய்யுங்கள் என்று மாணவர்களைத் தூண்டிவிட்டார். அதன் நினைவாக மார்ச் 10ல் ஊழியர்களுக்கு ஓய்வு கொடுத்து மாணவர்களும் ஆசிரியர்களும் வேலை செய்யும் வழக்கம் ஏற்பட்டது. தெற்கிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவி பாடிக் காட்டிய, மதுரை மீனாட்சி மேல் தீட்சிதர் செய்த கீர்த்தனையின் மெட்டில் தாகூர் ஒரு வங்காளப் பாட்டே எழுதியிருக்கிறார்.

ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியன் கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை பிரசிடென்சியில் பொருளாதாரம் படித்தவர், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் ஜெயிலுக்குப் போனார். அதனால் அரசுக் கல்லூரிகளில் கதவு மூடிவிட்டது. 1944ல் கலா பவனம் கதவைத் திறந்தது. நந்தலால் போஸ், பினோத் பிஹாரி, ராம்கிங்கர் பைஜ் என்று மூன்று ஜாம்பவான்கள் வாத்தியார்கள். பின்னாளில் அங்கேயே பேராசிரியராக வந்தார். அவர் வரைந்த கருப்பு வெள்ளைச் சுவரோவியத்தின் முன்னால் என் மகள் அரை மணி நேரம் நின்றாள். கொஞ்ச தூரத்தில் ராம்கிங்கர் 1938ல் செய்த சந்தால் குடும்பம். தலையில் சுமை, கூட நாய், குடும்பத்தோடு இடம்பெயரும் கூலிக்காரர்கள். வெண்கலமோ பளிங்கோ இல்லை. சிமெண்டும் அந்த ஊர்ச் செம்மண் சரளையும்தான்.

காசு, காசு, காசு

இத்தனை பெரிய பெயர் இருந்த இடத்தில் பணம் மட்டும் எப்போதும் இல்லை. அரசாங்கம் அங்கீகரித்த டிகிரி விஸ்வபாரதியிடம் கிடையாது. டிகிரி வேண்டுமென்றால் மாணவர்கள் கல்கத்தா பல்கலைக்கழகப் பரீட்சைதான் எழுத வேண்டும். அதனால் பெரிய கட்டண வசூலுக்கும் வழியில்லை. தாகூரே ஊர் ஊராகப் போனார். சொற்பொழிவு, அது போதாமல் நாட்டிய நாடகம்.

1936 மார்ச்சில் டெல்லி. 74 வயதுக்காரர், உடம்பு முடியாதவர், மாணவ மாணவியரைக் கூட்டிக்கொண்டு சித்ராங்கதா நாடகம் போட்டு நிதி திரட்டிக்கொண்டிருந்தார். காந்தியால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு நன்கொடையாளரிடமிருந்து 60,000 ரூபாய் வாங்கிக் கொடுத்து, நிகழ்ச்சிகளை ரத்து செய்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்றார்.

1940 பிப்ரவரியில் காந்தி சாந்திநிகேதன் வந்து திரும்பியபோது தாகூர் அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்தார். எனக்குப் பிறகு விஸ்வபாரதியை நீங்கள் காப்பாற்ற வேண்டும் என்று. காந்தி அதை மௌலானா ஆசாத்திடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 7ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் சாந்திநிகேதனுக்கே ஆள் அனுப்பி விழா நடத்தித் தாகூருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவருக்கு! சரியாக ஒரு வருஷம் கழித்து, 1941 ஆகஸ்ட் 7ல் அவர் இறந்தார்.

சுதந்திர இந்தியாவின் கல்வி அமைச்சராக ஆசாத் இருந்தபோது, 1951ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் விஸ்வபாரதி மத்தியப் பல்கலைக்கழகம் ஆனது. நேரு முதல் ஆச்சாரியா, அதாவது வேந்தர். ரதீந்திரநாத் முதல் துணைவேந்தர். தனியார் கதை அங்கே முடிந்தது. முதல் ஐந்து மாணவரில் ஒருவராக இருந்த ரதீந்திரநாத் 1953ல் பதவியை விட்டுவிட்டு டேராடூன் போய்விட்டார்.

நல்லதா கெட்டதா? இரண்டும். சம்பளம் வந்தது, டிகிரி வந்தது, நிறுவனம் பிழைத்தது. கூடவே ஃபைல் வந்தது, விதிமுறை வந்தது, டெல்லி வந்தது. 2004ல் அருங்காட்சியகத்திலிருந்து நோபல் பதக்கமே திருடுபோனது. 2020ல் பௌஷ் மேளா மைதானத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பப் போய் பெரிய ரகளை நடந்தது. 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ சாந்திநிகேதனை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. நாங்கள் போன அன்றைக்கும் மாணவர்களைவிட செல்ஃபி எடுக்கிறவர்கள்தான் அதிகம். எங்களையும் சேர்த்து :-)

ஆனால் மரத்தடி வகுப்பு இன்னும் இருக்கிறது. பட்டமளிப்பின்போது ஏழிலைப்பாலை இலை கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. அமர்த்தியா சென் இங்கே பிறந்து, தாகூர் வைத்த பெயரோடு, இந்தப் பள்ளியில் படித்தவர். சத்யஜித் ராய் கலா பவனத்தில் இரண்டரை வருஷம் இருந்தார். இந்திரா காந்தி கொஞ்ச காலம். ஒரு சின்ன ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு இது போதாதா?

திரும்பும் ரயிலில்

மகள் ரொம்ப நேரம் பேசவில்லை. பர்த்வான் தாண்டியதும் கேட்டாள்.

"அப்பா, அந்தக் காலத்துல அங்க டிகிரி கிடையாதுன்னு சொன்னீங்க இல்ல? நீங்க 1921ல இருந்திருந்தா என்னை அங்க சேர்த்திருப்பீங்களா?"

சட்டென்று ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நாள் முழுக்க அந்த மனிதரைப் பற்றி மூச்சு விடாமல் பேசியவன் நான்தான். மனைவி நகையை வைத்து ஐந்து பிள்ளைகளோடு தொடங்கினவரைப் புகழ்வது சுலபம். அந்த ஐந்தில் ஒன்றாக நம் பிள்ளையை அனுப்புவது வேறு. 1944ல் சுப்பிரமணியனின் வீட்டில் என்ன பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். பொருளாதாரம் படித்த பையன், ஜெயிலுக்குப் போய் வந்தவன், படம் வரையக் கிளம்புகிறான்.

"தெரியலைம்மா" என்றேன். உண்மையும் அதுதான்.

"பரவாயில்லை. இப்போ அங்க டிகிரி தர்றாங்க" என்றாள். தங்கமணி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

எங்கே சேர்வது என்று இன்னும் முடிவாகவில்லை. பரீட்சை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். கலா பவனத்துக்கு நுழைவுத் தேர்வு எப்போது என்று மகள் ஏற்கெனவே விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள் போலிருக்கிறது. இண்டர்நேஷனல் என்றால் என்ன என்ற அவளுடைய கேள்விக்கு மட்டும் ஒரு மாதிரி பதில் கிடைத்திருக்கிறது. கட்டடத்தையும் கட்டணத்தையும் கேட்பதற்கு முன்னால், யார் வந்து கற்றுக் கொடுக்கிறார்கள், அவர்கள் யாரிடமிருந்து என்ன கற்றுக்கொண்டு போகிறார்கள், பக்கத்துக் கிராமத்துக்கு அதனால் என்ன ஆகிறது என்று கேட்க வேண்டும். ப்ரோஷரில் இந்த மூன்றுக்கும் பக்கம் ஒதுக்கவில்லை.

ப்ரோஷர் இப்போது எங்கள் வீட்டு அலமாரியில், மளிகை டப்பாக்களுக்கு அடியில் விரித்திருக்கிறது. நல்ல கெட்டித் தாள்.